இறக்கத்திலிருந்து தொடங்குவோம்

(மதுரையில் கல்லூரி மாணவர்களின் மலையேற்றக் குழுத் தொடக்க விழாவில் ஆற்றிய உரை)

பிள்ளைகளை மலைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்ற யோசனையோடு பின்வரிசையில் அமர்ந்திருக்கும் பெற்றோர்களே, முதுகுப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையைப் பிடித்திருக்கும் இளைய நண்பர்களே!

புதியவர்களுக்கும் பழகியவர்களுக்கும் ஏற்ற மலைப்பாதைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். பேசுகிறேன். எந்த மலை அழகு, எந்தப் பாதை எளிது, எது கடினம், எல்லாவற்றையும் சொல்கிறேன். ஆனால் உச்சியிலிருந்து நான் தொடங்கப் போவதில்லை. இறக்கத்திலிருந்து தொடங்குகிறேன். மலையேற்றம் என்று பெயர் வைத்துவிட்டோம். ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம். ஏறிய படத்தையே ஊருக்குக் காட்டுகிறோம். இறங்கியதை யார் படம் எடுக்கிறார்கள்? ஏறிய ஒவ்வொருவரும் இறங்கித்தானே வீட்டுக்கு வர வேண்டும்?

முப்பது ஆண்டுகளுக்கு முன், வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரைக்கு நடந்தேன். கொடைக்கானல் மலையின் தலையில் தொடங்கி, பெரியகுளத்துப் பக்கம் அடிவாரத்தில் முடிகிற பாதை. முழுக்க இறக்கம். இறக்கம்தானே, என்ன பெரிய சிரமம் என்று நினைத்தேன். புது ஷூ வாங்கிக் காலில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். டால்பின் மூக்குப் பாறை வரை பாட்டுப் பாடிக்கொண்டு போனேன். அதற்குக் கீழே பாதை செங்குத்தாக விழுந்தது. உருண்டைக் கற்கள், மரவேர்கள், சருகு. ஒவ்வொரு அடிக்கும் கால்விரல்கள் ஷூவின் முனையில் போய் இடித்தன. இரண்டு மணி நேரம் கழித்து முழங்கால் நடுங்க ஆரம்பித்தது. நின்றால் நடுங்கியது, நடந்தால் வலித்தது.

அப்போது கீழேயிருந்து குதிரைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். வெறுங்கால். என்னைப் பார்த்ததும் குதிரையை ஓரங்கட்டி நிறுத்தினார். "சார், ஏறுறப்ப மூச்சு கேக்கும், எறங்குறப்ப முட்டி கேக்கும். மூச்சு ஒக்காந்தா திரும்ப வந்துரும். முட்டி வராது சார்" என்றார். பிறகு எனக்கு நடந்து காட்டினார். முழங்காலை விறைப்பாக நீட்டவில்லை. லேசாக மடக்கியே வைத்திருந்தார். எட்டி எட்டி வைக்கவில்லை. சின்னச் சின்ன அடி. நேராக இறங்கவில்லை, பாதத்தைச் சற்றுக் குறுக்காக வைத்து, பாதையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம், அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரம். "குதிர எப்படிப் போகுதுன்னு பாருங்க" என்றார். பார்த்தேன். குதிரைகளும் பாதையில் வளைந்து வளைந்துதான் போயின.

அதற்குமேல் தெரிய வேண்டியதை மருத்துவம் சொல்கிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடல் எடையைத் தாங்குகிறது. தசை நார்களுக்குச் சேதம் அதிகம் ஏற்படுவது இந்த வேலையில்தான். அதனால்தான் மலையிலிருந்து வந்த அன்று நன்றாக இருப்பவர்கள், மறுநாளும் அதற்கு மறுநாளும் வீட்டு மாடிப்படி இறங்க முடியாமல் சுவரைப் பிடிக்கிறார்கள்.

அன்றைக்கு வெள்ளகவி ஊர் எல்லையை அடைந்தபோது இன்னொரு பாடம் கிடைத்தது. அந்த ஊருக்குள் செருப்புப் போடக் கூடாது. ஊரே கோயில் என்பது அவர்கள் வழக்கம். ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்தேன். இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. குளிர்ந்த மண்ணில் பாதம் பட்டதும் உயிர் திரும்பி வந்தது போலிருந்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் கடுங்காப்பி கொடுத்தார்கள். அவர்கள் தோட்டத்திலேயே விளைந்த காப்பி. வீட்டு வாசலில் ஒரு மூங்கில் கழியும் கம்பளியும் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. டோலி கட்டுவதற்கு. யாருக்காவது முடியவில்லை என்றால் அதில் வைத்துத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். தலைமுறை தலைமுறையாகச் சாலை பார்க்காத ஊர் அது. நாம் அழகுக்காக ஒரு நாள் நடக்கிற பாதையில், அவர்கள் அரிசிக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் ஆயுள் முழுக்க நடந்தவர்கள்.

நம் மதுரைக்கும் அந்த மலைக்கும் பழைய தொடர்பு உண்டு. 1845-இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் நோய்க்கும் வெயிலுக்கும் தப்பிக் கொடைக்கானலில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அப்போது மோட்டார் சாலை ஏது? பெரியகுளத்துப் பக்கத்திலிருந்து காட்டுப்பாதைதான். நடக்க முடியாதவர்களை நாற்காலியில் உட்கார வைத்துக் கூலியாட்கள் தோளில் சுமந்து ஏற்றினார்கள். சுமந்தவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் கால் பட்டுத் தேய்ந்த கல் இருக்கிறது. அடுத்த முறை அந்தப் பக்கம் நடக்கும்போது குனிந்து பாருங்கள்.

சரி, நண்பர்களே, முதல் மலைக்கு வருவோம். இதுவரை மலையே ஏறாதவர்கள் எங்கே தொடங்குவது?

வெகுதூரம் போக வேண்டாம். நம் ஊருக்கு மேற்கே கீழக்குயில்குடி. அங்கே சமணர் மலை. அடிவாரத்தில் தாமரைக் குளம், பெரிய ஆலமரம், கருப்பசாமி கோயில். அங்கிருந்து பாறையில் செதுக்கிய படிகள். ஒரு புறம் செட்டிப்புடவு. குகைக்குள் தீர்த்தங்கரர் உருவங்கள். இன்னொரு புறம் பேச்சிப்பள்ளம். சிறிய சுனையை ஒட்டிய பாறையில் வரிசையாகச் சிற்பங்கள், அவற்றில் ஒன்று கொடி சுற்றிய பாகுபலி. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. அதற்கும் மேலே ஏறினால் மொட்டைப் பாறை. அங்கே நின்றால் நாகமலை நீண்டு படுத்திருப்பதும் மதுரை பரந்து கிடப்பதும் தெரியும். பழகாத கால்களுக்கு ஏற்ற மலை. ஆனால் பாறை மலை என்பதை மறக்க வேண்டாம். பாறை வெயிலை வாங்கி வைத்துக்கொள்ளும். காலை ஒன்பது மணிக்கு மேல் இறங்கினால் கீழே அடுப்பு, மேலே அடுப்பு. மழை பெய்த மறுநாளோ, பாசி காயாத பாறையில் வழுக்கும். ஏறும்போது கவனிக்காத இடம் இறங்கும்போது பயமுறுத்தும். ஏன்? ஏறும்போது கண் பாறையைப் பார்க்கிறது. இறங்கும்போது பள்ளத்தைப் பார்க்கிறது. பயந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்து இறங்குங்கள். இப்போதுதான் தவழப் பழகுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இரண்டாவது பாடம் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை. 70 கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி பஸ்ஸே உங்களை மேலே கொண்டுபோய் விட்டுவிடும். அறப்பளீஸ்வரர் கோயில் பக்கத்திலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறவா? இல்லை, இறங்க! அருவியின் இரைச்சல் கீழேயிருந்து கூப்பிடும். குடும்பம் குடும்பமாகத் துள்ளிக்கொண்டு இறங்குவார்கள். அருவியில் நனைந்து, சாப்பிட்டு, களைத்து, பிறகு நிமிர்ந்து பார்ப்பார்கள். அத்தனை படியும் அப்படியே அண்ணாந்து நிற்கும். இப்படி இறக்கம் முன்னால் வருகிற மலைகள் ஏமாற்றும். கையில் இருக்கும் தெம்பையெல்லாம் போகும்போதே செலவழித்துவிடச் சொல்லும். அதனால் அங்கே கணக்கு வேறு: இறங்க அரை மணி ஆனால், ஏற ஒன்றேகால் மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் பாதியைத் தொடாமலே கீழே கொண்டுபோங்கள்.

அடுத்து நான் பேசப் போவது குரங்கணி. இந்தப் பெயரைச் சொன்னதும் பின்வரிசையில் சில முகங்கள் மாறுவதைப் பார்க்கிறேன். மாறத்தான் செய்யும்.

போடிநாயக்கனூருக்கு மேலே உள்ள குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு நடைபாதை உண்டு. நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன் என்று ஒரு சிற்றூர். ரயிலே இல்லாத மலையில் ஏன் இந்தப் பெயர்கள்? ஒரு காலத்தில் மூணாறு தேயிலை குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வந்தது. அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு சரிவில் இறங்கியது. பிறகு போடிக்குப் போனது. 1924 பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை அழிந்தது. பெயர்கள் மட்டும் மலையில் ஒட்டிக்கொண்டன. மேகம் விலகும் நேரத்தில் அந்தப் பாதையில் நின்று கீழே பார்த்தால் தேனிப் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைப் பாய் விரித்தாற்போல் கிடக்கும். அழகான பாதை. ஓரளவு பழகியவர்களுக்கான பாதை.

அதே மலையில், 2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் போயின. அவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போன்ற இளைஞர்கள், இளம்பெண்கள், புதிதாக மணமானவர்கள். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்கள் செய்த தவறு என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் கேட்க மாட்டேன். அந்தப் பிள்ளைகள் மலையை நேசித்துப் போனவர்கள். நான் கேட்பதெல்லாம், நமக்குத் தீயைப் பற்றித் தெரியுமா என்பதுதான்.

மார்ச் மாதம் மலையில் புல் எப்படி இருக்கும்? ஆளுயரப் புல், சருகாகக் காய்ந்து, தொட்டால் ஒடியும். தீ சமவெளியில் நடக்கும், சரிவில் ஓடும். சூடு மேலே எழும்புவதால், மேலே உள்ள புல்லைத் தீ தொடும் முன்பே சூடு காய்ச்சி வைத்துவிடுகிறது. சரிவு 10 பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்கு ஆகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. மேல்நோக்கி ஓடி அதை எந்த மனிதனாலும் வெல்ல முடியாது. பள்ளமான ஓடைக்குள் இறங்கினால் தப்பிக்கலாம் என்று தோன்றும். அந்த ஓடையோ புகைபோக்கி போல வேலை செய்து தீயை உறிஞ்சி இழுக்கும். ஏற்கெனவே எரிந்து கறுத்த இடமும், புல் இல்லாத பாறையும்தான் ஒதுங்கும் இடங்கள். இதையெல்லாம் அந்த நேரத்தில் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. மலைக்குப் போகும் முன்பே நெஞ்சில் பதிந்திருக்க வேண்டும்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்த அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தைத் தொடங்கியது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். இணையத்தில் பதிவு செய்யலாம். உள்ளூர் மலைமக்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாக வருகிறார்கள். காட்டுத்தீக் காலத்தில் பாதையை மூடுகிறார்கள். மூடினால் முணுமுணுக்காதீர்கள். அனுமதி இல்லாமல் 'எங்களுக்கு ஆள் தெரியும், பின்பக்க வழி தெரியும்' என்று யாராவது அழைத்தால், பெற்றோர்களே, தயவுசெய்து அனுப்பாதீர்கள். இதை நான் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்போது கொஞ்சம் கடினமான மலைக்குப் போவோம். கோவைக்கு மேற்கே வெள்ளியங்கிரி. பூண்டி கோயிலிலிருந்து ஏழு மலை தாண்டி உச்சியில் சுவாமி. பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் போகும் காலம். அடிவாரத்தில் மூங்கில் தடி விற்பார்கள். வாங்காமல் ஏறாதீர்கள், அந்தத் தடி மூன்றாவது கால். இரவில் ஏறி விடியலை உச்சியில் பார்ப்பது வழக்கம். உச்சியில் காற்று ஆளைத் தள்ளும். வியர்த்த சட்டை முதுகில் பனிக்கட்டியாக ஒட்டும். மேலே போட ஒரு கம்பளியும், மாற்ற ஒரு காய்ந்த சட்டையும் பையில் கட்டாயம்.

சூரியன் எழும்போது அந்த மலைத்தொடர்கள் ஒன்றன்பின் ஒன்றாக நீலத்திலிருந்து பச்சைக்கு மாறுவதைப் பார்த்தவர்கள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த மலையின் சூட்சுமம் எங்கே இருக்கிறது தெரியுமா? செங்குத்தான கற்படிகள் முதல் மலையில் இருக்கின்றன. ஏறும்போது முதலில் வந்த அந்த மலை, இறங்கும்போது கடைசியில் வரும். இரவெல்லாம் தூங்காத கண், ஆறு மலை இறங்கிய முட்டி, ஏறிவரும் வெயில். அந்த நேரத்தில்தான் அந்தப் படிகள். அங்கேதான் சறுக்குகிறார்கள். 2024-ஆம் ஆண்டுப் பருவத்தில் மூச்சுத் திணறியும் நெஞ்சு வலித்தும் சிலர் அந்த மலையில் உயிரிழந்த செய்திகளைப் படித்தோம். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அங்கே போக வேண்டாம். சுவாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதற்கும் மேலே, நன்றாகப் பழகியவர்களுக்கு, பொதிகை. அகத்தியர் மலை. 1,868 மீட்டர். கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து அந்த மாநில வனத்துறை ஆண்டுத் தொடக்கத்தில் சில வாரங்கள் மட்டும் அனுமதிக்கிறது. தேயிலைத் தோட்டம், மழைக்காடு, ஆறுகள், யானைப்புல். அதிருமலை முகாமில் இரவு. கடைசியில் பாறைச் சரிவில் கயிற்றைப் பிடித்து ஏற வேண்டும்; கயிற்றைப் பிடித்துத்தான் இறங்கவும் வேண்டும். 2019 முதல் பெண்களும் உச்சி வரை போகிறார்கள். அதற்காக நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பெண்களை நான் வணங்குகிறேன்.

அந்த மலையில் நடந்த ஒரு செய்தியை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். 1987-இல் தாவரவியலாளர் புஷ்பாங்கதனும் அவருடைய குழுவினரும் அந்தக் காட்டுக்குள் ஆய்வுக்குப் போனார்கள். காணி மக்கள் வழிகாட்டினார்கள். மதியத்துக்குள் படித்தவர்கள் களைத்து விழுந்தார்கள். வழிகாட்டிகளோ சோர்வே இல்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். கவனித்தால், நடக்க நடக்க ஏதோ சின்னப் பழத்தை மென்றுகொண்டிருந்தார்கள். இவர்களுக்கும் கொடுத்தார்கள். தின்றதும் தெம்பு வந்தது. முதலில் அந்தச் செடியைக் காட்டக் காணிகள் தயங்கினார்கள். அது அவர்கள் முன்னோர் காத்த ரகசியம். பிறகு நம்பிக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து உருவானது. அதன் வருவாயில் காணி மக்களுக்கும் பங்கு தருவதென்று முடிவானது. உலகம் முழுவதும் இன்றும் எடுத்துக்காட்டாகப் பேசப்படுகிற ஏற்பாடு அது.

எதற்காக இதைச் சொல்கிறேன்? உங்கள் முன்னால் நடந்துபோகிற வழிகாட்டி, உங்கள் பையைத் தூக்க வந்த ஆள் இல்லை. அந்த மலையின் நூலகம் அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் "நில்லுங்க" என்றால் நில்லுங்கள். "இந்த வாடை யானை வாடை, திரும்புவோம்" என்றால் திரும்புங்கள். ஏன் என்று வீட்டுக்கு வந்து கேட்டுக்கொள்ளலாம்.

இமயமலையைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்கத் துடிக்கிறீர்கள், தெரிகிறது. முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது மேற்கு வங்கத்துச் சந்தக்ஃபூ. 3,636 மீட்டர். மானேபஞ்சனிலிருந்து நேபாள எல்லையோரமாகவே சிங்கலிலா முகட்டில் நடை. வழிநெடுகத் தங்கும் வீடுகள். வானம் தெளிந்தால் கஞ்சன்ஜங்கா மலைக்கூட்டம் படுத்திருக்கும் புத்தரைப் போலத் தெரியும். தூரத்தில் எவரெஸ்ட்டும் நிற்கும். ஆனால் அங்கே நம் ஊர் மலைகள் கற்றுத்தராத ஒன்று காத்திருக்கிறது. நம் தொட்டபெட்டா 2,637 மீட்டர். ஆனைமுடி 2,695 மீட்டர். ஏறக்குறைய 2,500 மீட்டருக்கு மேலேதான் உயர நோய் ஆரம்பிக்கிறது. நம் மலைகள் அந்த எல்லையைச் சற்றே தாண்டுகின்றன; அதனால் அது நமக்குப் பழக்கமே இல்லை. தலைவலி, குமட்டல், தூக்கமின்மை. இவை வந்தால் மேலே போகக் கூடாது. அதே உயரத்தில் தங்கிப் பார்க்க வேண்டும். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, இரவென்றும் பாராமல் கீழே இறக்க வேண்டும். மாத்திரை உண்டு, ஆக்ஸிஜன் உண்டு. முதல் மருந்து இறக்கம்தான்.

ஆனால் அப்படித் திரும்ப மனம் வருமா? உச்சிக்கு இன்னும் அரை மணி நேரம்தான் இருக்கும். பணம் கட்டியிருப்பீர்கள். லீவு போட்டிருப்பீர்கள். நண்பன் மேலேயிருந்து கை காட்டுவான். அந்த இடத்தில் "நான் திரும்புகிறேன்" என்று சொல்ல எத்தனை பேருக்கு முடியும்? இதற்கு ஒரே வழிதான் எனக்குத் தெரியும். திரும்பும் நேரத்தை அடிவாரத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். பகல் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டு. எங்கே நிற்கிறோமோ அங்கேயே திரும்ப வேண்டும். மலை மடிப்புக்குள் ஊரைவிட முன்னதாகவே இருட்டிவிடும். நான் மூன்று முறை உச்சியைத் தொடாமல் திரும்பியிருக்கிறேன். அந்த மூன்று மலைகளும் இன்னும் அங்கேயே இருக்கின்றன. நானும் இங்கே உங்கள் முன்னால் நிற்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்குக் கீழக்குயில்குடி ஆலமரத்தடியில் கூடுகிறோம். பெற்றோர்களும் வரலாம், வாருங்கள், பிள்ளைகளைவிட நீங்கள் நன்றாக நடப்பீர்கள். சனிக்கிழமை இரவே கால் நகங்களை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள். பழகிய செருப்போ ஷூவோ போதும், புதிது வேண்டாம். இரண்டு லிட்டர் தண்ணீர், கொஞ்சம் கடலை மிட்டாய், குப்பையைத் திருப்பி எடுத்து வர ஒரு பை. சிற்பங்கள்மேல் கை வைக்கவோ பெயர் கிறுக்கவோ கூடாது. ஏழு மணிக்கு உச்சியில் இருப்போம். ஏழரைக்கு இறங்கத் தொடங்குவோம். இறங்கும்போது பேச்சு கிடையாது; எல்லோரும் அவரவர் பாதத்தைப் பார்த்து நடக்க வேண்டும். நான் கடைசி ஆளாக வருகிறேன். யாருக்கு முட்டி நடுங்கினாலும் என்னிடம் சொல்லுங்கள், சேர்ந்து உட்காருவோம்.